பிள்ளை ரேஸ் ஓட்டணும் என்கிறதா? எந்தப் பிரிவில் தொடங்குவது, எப்போது மாறுவது

இருங்காட்டுக்கோட்டையில் தேசிய மோட்டார் சைக்கிள் சாம்பியன்ஷிப் நடக்கும் வார இறுதிகளில், பாடக்கில் (டீம்கள் பைக்கை நிறுத்தி வேலை பார்க்கும் இடம்) புதிதாக வந்த பெற்றோர் சிலரை எப்போதும் பார்க்கலாம். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளை பக்கத்தில் நிற்கும். அப்பா டீம் டீமாகப் போய் விசாரித்துக்கொண்டிருப்பார். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எந்த கிளாஸ்ல போட்டா சீக்கிரம் மேல போவான்?"

'சீக்கிரம்' என்பதை முதலில் விட்டுவிடுங்கள் என்பேன். ஒரு பிள்ளையை நல்ல ரைடர் ஆக்குவதற்கு மூன்று விஷயங்கள் வேண்டும்: குறைந்த சக்தியுள்ள பைக், எல்லோருக்கும் ஒரே மாதிரி பைக், நிறைய சுற்றுகள். இந்த மூன்றும் எந்தப் பிரிவில் சேர்ந்து கிடைக்கிறதோ, அந்த வயதுக்கு அதுதான் சரியான பிரிவு. கோப்பையின் அளவு, ஸ்பான்சர் பெயர், வீடியோவில் எப்படித் தெரிகிறது என்பதெல்லாம் அப்புறம்.

முதலில், பிரிவு என்றால் என்ன

ரேஸ் பிரிவுகளை மூன்று வகையாகப் பார்த்தால் குழப்பம் தீரும்.

ஒன்று, ஷோரூமில் விற்கும் பைக்கை ரேஸுக்கு மாற்றி ஓட்டுவது. நம் தேசிய சாம்பியன்ஷிப்பின் புரோ ஸ்டாக் 165 சிசி, புரோ ஸ்டாக் 301-400 சிசி போன்றவை இந்த வகை. யமஹா ஆர்15 போன்ற பைக்குகளை இதில் நிறையப் பார்ப்பீர்கள். டீமின் டியூனிங் திறமைக்கும் பணத்துக்கும் இங்கே இடமுண்டு.

இரண்டு, ஒன் மேக். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே டயர். பைக்கை பெரும்பாலும் கம்பெனியே தயார்செய்து கொடுக்கும். டிவிஎஸ் 1994-லிருந்து இதை இந்தியாவில் நடத்துகிறது.

மூன்று, ரேஸுக்காகவே பிறந்த பைக். விளக்கு கிடையாது, நம்பர் பிளேட் கிடையாது, பலவற்றில் செல்ஃப் ஸ்டார்ட்கூடக் கிடையாது. ஹோண்டா என்எஸ்எஃப்250ஆர், கேடிஎம் ஆர்சி 250 ஆர், உலகப் போட்டியின் கீழ்ப்படியான மோட்டோ3 பைக்குகள் எல்லாம் இதில் சேரும்.

ஒவ்வொரு வகையும் ஒவ்வொன்றைக் கற்றுத் தரும். வரிசை மாறினால் கற்றது அரைகுறையாகும்.

படி 1: மண்

தார் டிராக்குக்கு முன்னால் மண். இதைச் சொன்னால் பல பெற்றோருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் மேலே போனவர்களைப் பாருங்கள். கேசி ஸ்டோனர் ஆஸ்திரேலியாவில் சின்னஞ்சிறு வயதிலிருந்தே டர்ட் டிராக் ஓட்டி வளர்ந்தவர். அங்கே 16 வயதுக்கு முன் ரோடு ரேஸ் ஓட்ட அனுமதி இல்லாததால் 14 வயதில் குடும்பத்தோடு இங்கிலாந்து போனார். 2007, 2011 இரண்டு முறை, உலகப் போட்டியின் உச்சப் பிரிவான மோட்டோஜிபியில் பட்டம் வாங்கினார். மார்க் மார்கேஸ் உலக சாம்பியனான பிறகும் மண் டிராக்கில் பயிற்சி எடுப்பவர். மோட்டோஜிபி ஜாம்பவான் வாலன்டினோ ரோஸி இத்தாலியில் தன் ஊரான தவுல்லியாவில் மண் டிராக் போட்டு வைத்திருக்கிறார். மோட்டோஜிபி சாம்பியன் பன்யாயா உட்பட அவரிடம் பயிற்சி பெற்ற பிள்ளைகள் எல்லாம் அங்கே சுற்றுபவர்கள்தான்.

காரணம் எளிது. மண்ணில் பின்சக்கரம் எப்போதும் வழுக்கிக்கொண்டே இருக்கும். வழுக்கலுக்குப் பதறாமல் ஆக்சிலரேட்டரை மெல்ல இறக்குவதும் ஏற்றுவதும் கைக்குப் பழகிவிடும். தாரில் அதே வழுக்கல் வரும்போது வேகம் மூன்று மடங்கு. அங்கே முதல் பாடம் படிக்கக் கூடாது. மண்ணில் விழுந்தால் செலவும் குறைவு, சிராய்ப்போடு போய்விடும்.

கோவை, புனே பக்கமெல்லாம் மண் மேடுகளில் தாவி ஓட்டும் சூப்பர்கிராஸ் வெகுகாலமாக நடக்கிறது, சிறுவர் பிரிவும் உண்டு. அது கிடைக்காவிட்டால், ஒரு சமதளமான செம்மண் மைதானம், உரிமையாளரின் அனுமதி, சின்ன பைக், நான்கு டயர்களை வைத்து ஒரு முட்டை வடிவப் பாதை. இவ்வளவு போதும். முழுக் கவசம் மட்டும் இங்கேயும் வேண்டும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். "பழகட்டும்" என்று பொதுச் சாலையில் ஓட்ட விடாதீர்கள். கியர் வண்டிக்கு 18 வயது ஆக வேண்டும். 2019-இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, சிறுவர் ஓட்டி மாட்டினால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டுவரை சிறையும் உண்டு. சட்டத்தைத் தள்ளி வைத்தாலும், சாலையில் ஓட்டிப் பழகிய கையும் கண்ணும் டிராக்குக்கு உதவாது. எதிரே வரும் லாரியைப் பார்த்துப் பழகிய கண், வளைவின் வெளிவாசலைப் பார்க்க மறுக்கும்.

படி 2: பத்திலிருந்து பதினான்கு, மினி ஜிபி

என்னைக் கேட்டால் ஒரு சிறுவனுக்கோ சிறுமிக்கோ அதிகம் கற்றுத்தரும் பிரிவு இதுதான். உலக மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பான எஃப்ஐஎம்மும் மோட்டோஜிபி நடத்துபவர்களும் சேர்ந்து 2021-இல் மினி ஜிபி உலகத் தொடரைத் தொடங்கினார்கள். 10 முதல் 14 வயதுவரை. எல்லோருக்கும் ஓவாலே என்ற இத்தாலியக் கம்பெனியின் ஜிபி-0 160 பைக். அடுத்த ஆண்டே இந்தியாவிலும் மினி ஜிபி வந்தது.

பைக் பார்க்க பொம்மை மாதிரி இருக்கும், உட்கார்ந்தால் தெரியும் அது பொம்மை இல்லை என்று. நிஜமான ஃப்ரேம், நிஜமான டிஸ்க் பிரேக், வரிப்பள்ளம் இல்லாத ஸ்லிக் டயர். ஓடுவது கோ-கார்ட் டிராக்கில். இங்கேதான் விஷயம் இருக்கிறது. கார்ட் டிராக்கில் நீண்ட நேர்ப்பாதை கிடையாது. ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும். ஒரு நாள் பயிற்சியில் பிள்ளை சந்திக்கும் வளைவுகளின் எண்ணிக்கை பெரிய டிராக்கைவிடப் பல மடங்கு. பிரேக் பிடி, சாய், முட்டி தரையைத் தொடட்டும், எழு, மறுபக்கம் சாய். உடம்பு தானாகச் செய்யும்வரை இதுவே.

வேகம் குறைவு என்பதால் விழுந்து எழுவதும் பாடத்தின் பகுதியாகிறது. முன்சக்கரம் நழுவுவதற்கு ஒரு நொடி முன்னால் ஹேண்டிலில் ஒரு லேசான தளர்வு தெரியும். அந்தத் தளர்வை உள்ளங்கையில் உணர்ந்த பிள்ளைக்கும் உணராத பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் பத்து வருஷம் கழித்தும் தெரியும். அதை இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் கற்க முடியாது.

மினி ஜிபி சீட் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். பன்னிரண்டு அங்குலச் சக்கரம் போட்ட ஏதாவது சின்ன பைக்கை கார்ட் டிராக்கில் வாடகை நேரத்தில் ஓட்டலாம். இருங்காட்டுக்கோட்டையிலேயே இப்போது முறையான கார்ட்டிங் டிராக் இருக்கிறது. நேரம் கேட்டுப் பாருங்கள். கார்ட் இல்லாத நேரத்தில் பைக்குக்கு விடுவார்களா என்பது அவர்கள் முடிவு.

ஒரு பெற்றோர் தவறு இங்கே அடிக்கடி நடக்கும். பையன் உயரமாக வளர்ந்துவிட்டான், "சின்ன பைக்ல கேவலமா இருக்கு" என்று பதின்மூன்றிலேயே 200 சிசிக்கு மாற்றுவது. உயரம் காரணமாக முட்டி ஹேண்டிலில் இடித்தால் மாற்றுங்கள். பெருமைக்காக மாற்றாதீர்கள்.

படி 3: பெரிய டிராக், ஒன் மேக்

பெரிய டிராக் என்றால் நமக்கு முதலில் இரண்டு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் டிராக், 1990-இல் திறந்தது, சுற்றளவு சுமார் 3.7 கிலோமீட்டர், பன்னிரண்டு வளைவுகள். அதற்கு முன் சோழவரம் விமான ஓடுபாதையில்தான் ரேஸ் நடக்கும். இப்போது இந்த டிராக்கின் பெயர் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட். அடுத்தது கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே, சுமார் 2.1 கிலோமீட்டர். புதியவருக்கு கரி நல்லது: சின்னது, சுற்று சீக்கிரம் முடியும், அதே வளைவுக்கு மறுபடி மறுபடி வரலாம்.

இந்தக் கட்டத்தில் ஒன் மேக்கா, ஓப்பன் புரோ ஸ்டாக்கா என்ற கேள்வி வரும். எனக்கு இதில் சந்தேகமே இல்லை: முதல் இரண்டு சீசனாவது ஒன் மேக். டிவிஎஸ்ஸில் ரூக்கி (புதியவர்) பிரிவுக்கும் பெண்கள் பிரிவுக்கும் அபாச்சி ஆர்டிஆர் 200, அதற்கு மேலே ஆர்ஆர் 310. ஹோண்டாவும் தன் இந்தியா டேலன்ட் கப்பை நடத்திவந்திருக்கிறது. கம்பெனி தேர்வு நடத்தி, அதில் தேறியவர்களுக்கு பைக்கைக் கொடுக்கும்.

ஒன் மேக்கின் பெரிய நன்மை, சாக்குக்கு இடமில்லை என்பது. ஓப்பன் பிரிவில் பின்தங்கினால் "அவன் இன்ஜின் நல்லா போகுது" என்று ஆரம்பித்துவிடும். அப்பாதான் முதலில் ஆரம்பிப்பார். ஒரே பைக்கில் நான்கு வினாடி பின்னால் இருந்தால் அந்த நான்கு வினாடியும் பிள்ளையின் கையில் இருக்கிறது. எங்கே போகிறது என்று தேட வேண்டியதுதான்.

குறைந்த சக்தி எப்படிக் கற்றுத்தருகிறது என்பதை ஒரு வளைவை வைத்துச் சொல்கிறேன். நேர்ப்பாதை முடிவில் பிள்ளை எழுந்து உட்கார்ந்து இரண்டு விரலில் முன் பிரேக்கைப் பிடிக்கிறது, இரண்டு கியர் இறக்குகிறது, சாய்கிறது. பயத்தில் தேவைக்கு மேலே ஐந்து கிலோமீட்டர் வேகத்தைக் கொன்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1000 சிசி பைக்காக இருந்தால் ஆக்சிலரேட்டரை முறுக்கி அதை ஒரு நொடியில் மீட்டுவிடலாம், தவறு மறைந்துவிடும். 200 சிசியில் மீட்கவே முடியாது. அந்த ஐந்து கிலோமீட்டர் அடுத்த நேர்ப்பாதை முழுக்கப் பின்தொடரும். பக்கத்தில் இருந்தவன் மெதுவாக, கண்முன்னாலேயே விலகிப் போவான். அடுத்த சுற்றில் பிள்ளை பிரேக்கைக் கொஞ்சம் முன்கூட்டியே விடும். கோச் பத்து தடவை சொல்லியும் ஏறாதது இப்படி ஏறும். வளைவுக்குள் வேகத்தைக் காப்பாற்றக் கற்றுத்தர சக்தி குறைந்த பைக்கை மிஞ்சிய வாத்தியார் இல்லை.

ஒன் மேக்கின் இன்னொரு பாடம் ஸ்லிப்ஸ்ட்ரீம். எல்லா பைக்கும் ஒரே வேகம் என்பதால் முன்னால் போகிறவனின் காற்று மறைவில் ஒட்டிக்கொண்டால்தான் தாண்ட முடியும். கடைசிச் சுற்றில் முதலில் வருவது சில நேரம் பாதகம். கோட்டுக்கு முன்னால் பின்னாலிருப்பவன் வெளியே எடுத்துத் தாண்டிவிடுவான். எங்கே இருந்தால் எங்கே தாண்டலாம் என்ற கணக்கை இங்கே கற்ற பிள்ளைகள் ஆசிய அளவில் போய்த் திணறுவதில்லை.

ஒன் மேக்கில் குறையும் உண்டு. பைக் கம்பெனியுடையது என்பதால் அதில் கைவைக்க விடமாட்டார்கள். சஸ்பென்ஷனை எப்படி மாற்றினால் என்ன ஆகும், கியரிங் எப்படித் தேர்ந்தெடுப்பது, டயர் பிரஷர் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ கூடினால் எப்படித் தெரியும் என்பதெல்லாம் பிள்ளைக்குத் தெரியாமலேயே போகும். ஆகவே இரண்டாவது சீசன் முடியும்போது ஒரு பிரைவேட் டீமில் 165 சிசி நோவிஸ் பிரிவிலோ புரோ ஸ்டாக்கிலோ ஓட்டுவது நல்லது. மெக்கானிக்கோடு உட்கார்ந்து ஸ்ப்ராக்கெட் மாற்றக் கற்றுக்கொள்ளட்டும். "பைக் சரியில்ல" என்று சொல்லும் ரைடரைவிட, "மூணாவது வளைவு வெளிய வரும்போது பின்பக்கம் உக்காருது" என்று சொல்லும் ரைடரைத்தான் டீம்கள் தேடுகின்றன.

படி 4: லேப் ஷீட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பெற்றோர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை இதுதான், ஆனால் பெரும்பாலானோர் பார்ப்பது பொசிஷனை மட்டும். ஒவ்வொரு பைக்கிலும் சுற்று நேரத்தைப் பதிய உதவும் டிரான்ஸ்பாண்டர் கருவி இருக்கும். செஷன் முடிந்ததும் ஒவ்வொரு சுற்றின் நேரமும் அச்சாகி வரும். அதை வாங்கி வையுங்கள்.

இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். ஒரு பிள்ளையின் சுற்றுகள்: 2:06, 2:11, 2:07, 2:10, 2:06. இன்னொன்று: 2:08, 2:07, 2:08, 2:07, 2:07. முதல் பிள்ளையின் சிறந்த நேரம் ஒரு வினாடி குறைவு, கிரிட்டில் (தொடக்க வரிசையில்) முன்னால் நிற்கும், எல்லோரும் கை தட்டுவார்கள். நான் இரண்டாவது பிள்ளையைத்தான் மேல் பிரிவுக்கு அனுப்புவேன். முதல் பிள்ளை வேகமாகப் போவது எப்படி என்று இன்னும் அறியவில்லை, சில சுற்று அது தானாக நடக்கிறது. 2:11 போன சுற்றில் எங்கோ உயிர் தப்பியிருக்கிறது என்று அர்த்தம். பெரிய பைக்கில் அப்படித் தப்ப முடியாது.

மேல் பிரிவுக்கு மாறத் தயாரா என்பதற்கு என் அளவுகோல் இவை: பத்து சுற்றும் ஒரு வினாடிக்குள் இருக்க வேண்டும், நடுக்கூட்டத்தில் மாட்டினாலும் நேரம் பெரிதாகக் கெடக்கூடாது, விழுந்த பிறகு ஏன் விழுந்தோம் என்று பிள்ளையே சொல்ல வேண்டும். ஜெயித்துக்கொண்டிருந்தாலும் இந்த மூன்றும் இல்லையென்றால் இன்னொரு சீசன் இங்கேயே.

படி 5: 250, முறையான ரேஸ் பைக்

ஹோண்டா என்எஸ்எஃப்250ஆர் எடை 84 கிலோ, சக்தி சுமார் 48 குதிரைத்திறன். ஷோரூமில் நிற்கும் அபாச்சி ஆர்ஆர் 310-இன் எடை 174 கிலோ, சக்தி சுமார் 38 குதிரைத்திறன். இந்த நான்கு எண்களை ஒருமுறை ஒப்பிட்டால் இது வேறு பிராணி என்று புரியும். பாதி எடை, கூடுதல் சக்தி. பிரேக்கை எவ்வளவு தாமதமாகப் பிடிக்கலாம், எவ்வளவு வேகத்தோடு உள்ளே நுழையலாம் என்ற கணக்கெல்லாம் திரும்பப் போட வேண்டும். சின்னத் தவறுக்கும் முன்சக்கரம் மன்னிக்காது. மினி ஜிபியில் கற்ற அந்த உள்ளங்கை உணர்வு திரும்ப வேலைக்கு வருவது இங்கேதான். புரோ ஸ்டாக்கில் மட்டும் வளர்ந்த பிள்ளைகள் முதல் சில நாள் இதில் தடுமாறுவதைப் பார்க்கலாம்.

ஆசியா டேலன்ட் கப் 2014-இல் இதே பைக்கில் தொடங்கியது. பைக்கை அமைப்பாளர்களே தருவார்கள். ஆசியா முழுவதிலுமிருந்து தேர்வுக்கு வரும் நூற்றுக்கும் குறையாத பிள்ளைகளில் சில பேருக்குத்தான் இடம். அங்கிருந்து போனவர்கள் யார் என்று பாருங்கள். 2016 சாம்பியன் தாய்லாந்தின் சோம்கியாட் சந்த்ரா, 2025-இல் மோட்டோஜிபியில் ஓட்டிய முதல் தாய்லாந்துக்காரர். ஜப்பானின் ஐ ஒகுரா இதே கப்பில் ஓட்டி, 2024-இல் மோட்டோ2 பட்டம் வாங்கி, மோட்டோஜிபிக்குப் போனார். ஆசியாவிலிருந்து உலக மேடைக்கு ஏணி உண்டா என்று கேட்பவர்களுக்கு இந்த இருவரே பதில்.

நம் ஊரிலிருந்து உலக ஜிபி கிரிட்வரை போனவர் சென்னையின் சரத் குமார்; 2011-இல் 125 சிசி உலகப் போட்டியில் ஓட்டினார். அவருடைய காலத்தில் மினி ஜிபியும் இல்லை, டேலன்ட் கப்பும் இல்லை. இன்றைய பிள்ளைக்கு இடைப்படிகள் இருக்கின்றன, அதுதான் பெரிய மாற்றம்.

படி 6: பாதை இரண்டாகப் பிரியும் இடம்

பதினாறு பதினேழு வயதில் ஒரு முடிவு எடுக்க வேண்டிவரும். ஒரு பக்கம் கிராண்ட் பிரி (ஜிபி): இளம் ரைடர்களுக்கான ரெட் புல் ரூக்கீஸ் கப், எஃப்ஐஎம் ஜூனியர் ஜிபி, பிறகு மோட்டோ3. இன்னொரு பக்கம் சூப்பர்பைக்: 250, 300 சிசி ஷோரூம் பைக், பிறகு 600, பிறகு 1000.

ரூக்கீஸ் கப் 2007-இல் தொடங்கியது. முதல் சாம்பியன் ஜொஹான் சார்கோ. 2014 சாம்பியன் ஹோர்ஹே மார்ட்டின், சரியாகப் பத்தாண்டு கழித்து மோட்டோஜிபி சாம்பியன். 2020 சாம்பியன் பெத்ரோ அகோஸ்தா மறு ஆண்டே மோட்டோ3 பட்டம் வாங்கினார். இரண்டாவது ரேஸிலேயே, எல்லோருக்கும் பின்னால் பிட் லேனிலிருந்து கிளம்பி ஜெயித்தார். 2021 சாம்பியன் தாவித் அலோன்சோ 2024 மோட்டோ3 சீசனில் 14 ரேஸ் வென்றார். உலகிலேயே சிறந்த வளர்ப்புப் பிரிவு எது என்று கேட்டால் இந்தப் பட்டியலை வைத்து ரூக்கீஸ் என்று சொல்லிவிடலாம். ஆனால் அதே பட்டியலில் 2013 சாம்பியன் காரெல் ஹனிகாவும் இருக்கிறார். அந்த ஆண்டு எல்லோரையும் அடித்து நொறுக்கியவர், உலக ஜிபியில் ஒரு ரேஸ்கூட ஜெயிக்கவில்லை. மறுபக்கம் ஃபாபியோ குவார்த்தராரோ: ஸ்பெயினின் மோட்டோ3 பட்டத்தை 2013, 2014 இரண்டு முறை வாங்கியதால் அவருக்காக வயது விதியையே மாற்றினார்கள். உலக மோட்டோ3-இல் அவருக்கு ஒரு வெற்றியும் இல்லை. 2021-இல் மோட்டோஜிபி சாம்பியன். ஆக, பதினைந்து வயது ரிசல்ட்டை வைத்து வீட்டை அடமானம் வைக்காதீர்கள்.

உடம்பும் முடிவு செய்யும். மோட்டோ3-இல் பைக்கும் ரைடரும் சேர்த்து குறைந்தபட்சம் 152 கிலோ. எடை குறைந்த பிள்ளைக்கு அதனால் நஷ்டமில்லை. எழுபது கிலோ தாண்டிய, தோள் அகன்ற பிள்ளை ஒவ்வொரு நேர்ப்பாதையிலும் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கும். அப்படிப்பட்ட பிள்ளையைப் பட்டினி போட்டு 250-இல் வைத்திருப்பது கொடுமை. 600 சிசி பக்கம் திருப்புங்கள். துருக்கியின் டோப்ராக் ரஸ்காட்லியோக்லு ரூக்கீஸ் கப்பில் ஓட்டியும் மோட்டோ3 பக்கம் போகவில்லை. 2015-இல் ஐரோப்பிய சூப்பர்ஸ்டாக் 600 பட்டம், அப்புறம் உலக சூப்பர்பைக் பட்டம் மூன்று முறை: 2021, 2024, 2025.

இந்தியப் பிள்ளைக்கு நான் சொல்வது: ஐரோப்பாவுக்கு முன் ஆசிய ரோடு ரேஸிங் சாம்பியன்ஷிப். 1996-லிருந்து நடக்கிறது; ஏபி250 (250 சிசி ஷோரூம் பைக் பிரிவு), சூப்பர்ஸ்போர்ட் 600, சூப்பர்பைக் 1000 என்று ஏணி ஒரே இடத்தில் இருக்கிறது. 2022 முதல் டிவிஎஸ்ஸின் ஆசிய ஒன் மேக்கும் அதே வார இறுதிகளில். இந்தோனேசிய, தாய்லாந்துப் பிள்ளைகள் ஏபி250-இல் ஓட்டுகிற மூர்க்கத்தைப் பார்த்தாலே பாதிப் பாடம். மலேசியாவின் செபாங்குக்கோ தாய்லாந்தின் புரிராமுக்கோ போய்வரும் செலவு ஸ்பெயினில் குடியிருப்பதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. சென்னையின் ராஜிவ் சேதுவும் செந்தில் குமாரும் ஏபி250-இல் ஹோண்டாவுக்காக ஓட்டியவர்கள். அதற்கு முன் அவர்களும் தேசியப் பிரிவுகளில் ஓட்டி வந்தவர்கள்தான்.

பெண் பிள்ளை என்றால் தனியாகப் பாதை தேவையில்லை, படிகள் இவையேதான். ஸ்பெயினின் ஆனா கராஸ்கோ 2018-இல் ஆண்களோடு ஓட்டி உலக சூப்பர்ஸ்போர்ட் 300 பட்டம் வாங்கினார். பெண்கள் பிரிவில் ஓட்டினாலும், அதே வார இறுதியில் கலந்து ஓட்டும் பிரிவிலும் பெயர் கொடுங்கள். பெண்கள் பிரிவில் கிரிட் சின்னதாக இருக்கும். தாண்டிப் பழக ஆள் வேண்டும்.

படி 7: ஆபத்தைக் கண்ணை மூடாமல் பார்ப்பது

2021-இல் ஒரே சீசனில் மூன்று இளம் ரைடர்கள் இறந்தார்கள்: முஜெல்லோவில் 19 வயது ஜேசன் துபாஸ்கியே, அரகோனில் ஐரோப்பிய டேலன்ட் கப் ஓட்டிய 14 வயது ஹூகோ மில்யான், ஹெரேஸில் சூப்பர்ஸ்போர்ட் 300 ஓட்டிய 15 வயது தீன் பெர்தா வினியாலேஸ். மூன்றிலும் நடந்தது ஒன்றுதான்: கூட்டத்தில் விழுந்தவர் மீது பின்னால் வந்த பைக் மோதியது. 2023 ஆகஸ்டில் நம் இருங்காட்டுக்கோட்டையில், ரூக்கி ரேஸில், பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் உயிரிழந்தான்.

2021 மரணங்களுக்குப் பிறகு உலக ஜிபிக்குக் குறைந்தபட்ச வயது 2023 முதல் 18 ஆக்கப்பட்டது; கீழ்ப்படிகளிலும் வயது உயர்ந்தது, கிரிட்டின் அளவு குறைந்தது. இதிலிருந்து பெற்றோர் எடுத்துக்கொள்ள வேண்டியது: ஒரே மாதிரி பைக், நீண்ட நேர்ப்பாதை, முப்பது பேர் என்ற மூன்றும் சேர்ந்தால் கூட்டம் பிரியவே பிரியாது. சூப்பர்ஸ்போர்ட் 300-இன் பிரச்சினையும் அதுவாகவே இருந்தது. ஒன் மேக் நல்லது என்று மேலே சொன்னேன்; இது அதன் மறுபக்கம். எனவே சேர்க்கும் முன் கிரிட்டில் எத்தனை பேர், அதில் முதல் ஆண்டுக்காரர் எத்தனை பேர் என்று கேளுங்கள். எண்ணிக்கை குறைவான கிரிட்டே முதல் சீசனுக்கு நல்லது. கிரிட்டில் இடத்தை முடிவுசெய்யும் குவாலிஃபையிங்கில் நடுவில் மாட்டாத அளவுக்கு வேகம் வரும்வரை, கிரிட்டின் கடைசி வரிசையில் நிற்பதில் வெட்கமில்லை.

படி 8: பெயர் கொடுக்கும் முன்

இந்தியாவில் ரேஸ் லைசென்ஸ் தருவது இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ. மருத்துவச் சான்று, பெற்றோர் ஒப்புதல், பயிற்சி முகாம் முடித்த சான்று எல்லாம் கேட்பார்கள். வயது வரம்பு ஒவ்வொரு ஆண்டும் அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தில் இருக்கும். டீம்காரர் வாய்மொழியாகச் சொல்வதை நம்பாமல் அதை எடுத்துப் படியுங்கள்.

வீட்டில் இருக்கும் மெடிக்ளெய்ம் பாலிசியையும் எடுத்துப் பாருங்கள். சாகச விளையாட்டு விலக்கில் மோட்டார் ரேஸிங் என்று பெயர் சொல்லியே இருக்கும். ரேஸ் அமைப்பாளர் தரும் காப்பீடு எவ்வளவு, பயிற்சி நாளுக்கும் அது உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள்.

கவசத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஒற்றைத் துண்டு லெதர் சூட், முதுகு, மார்பு இரண்டுக்கும் புரொடெக்டர், கணுக்கால் மூடும் பூட்ஸ், மணிக்கட்டு மூடும் கிளவுஸ். ஏர்பேக் சூட் ஜிபியில் 2018 முதல் கட்டாயம். பட்ஜெட்டில் இடமிருந்தால் பெரிய இன்ஜினுக்கு முன் இதை வாங்குங்கள். "வளர்ற பையன்" என்று இரண்டு அளவு பெரிய சூட் வாங்குகிறார்கள். விழும்போது முட்டியில் இருக்க வேண்டிய பேட் தொடைக்குப் போய்விடும். பழைய சூட்டைச் சரியான அளவில் வாங்குங்கள், பாடக்கில் விற்பவர்கள் உண்டு. ஹெல்மெட் மட்டும் பழையது வேண்டாம். ஒருமுறை தரையில் அடித்த ஹெல்மெட்டையும் தூக்கிப் போடுங்கள், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும்.

டீமிடம் கேட்க வேண்டிய கேள்வி: சீசனுக்கு ரேஸ் தவிர எத்தனை நாள் டிராக் பயிற்சி? ஐந்து ரவுண்டுக்குப் பணம் வாங்கிக்கொண்டு ரேஸுக்கு முந்தின நாள் மட்டும் ஓட்டவிடும் டீமைவிட, இரண்டு ரவுண்டு மட்டும் ஓட்டி மாதம் ஒருமுறை கரியில் பயிற்சி தரும் டீம் நூறு மடங்கு மேல். விழுந்தால் யார் செலவு, பைக் யாருடையது, பாதி சீசனில் விலகினால் பணம் என்னாகும் என்பதையும் அன்றே பேசிவிடுங்கள்.

சொந்த பைக்கில் ஓட்டுவதாக இருந்தால் முதல் சீசனுக்குக் கிளட்ச் லீவர், பிரேக் லீவர், ஃபுட்ரெஸ்ட், ஹேண்டில் ஆகியவற்றில் இரண்டு செட் வாங்கி வண்டியோடு ஏற்றிக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை பிராக்டிஸில் விழுந்தால் சனிக்கிழமை குவாலிஃபையிங்குக்கு அவை வேண்டும், ஸ்ரீபெரும்புதூரில் அந்த நேரத்தில் எந்தக் கடையிலும் கிடைக்காது.